தொரையோட பங்கு

ஹலோ... ஹலோ, அண்ணே? ... அப்பாடா! இப்பவாவது எடுத்தியே. காலையில இருந்து ரிங் போகுது, ரிங் போகுது, எடுக்கற ஆளைக் காணோம்... சைலண்ட்லயா? தெரியும், தெரியும். உன் போன் எனக்கு மட்டும்தான் சைலண்ட்ல இருக்கும். அண்ணி கூப்பிட்டா ஒரே ரிங்ல எடுப்பே... சரி, அது கிடக்கட்டும். தொரை எங்க? ... பக்கத்துல உக்காந்திருக்கானா? மாத்திரை போட்டானா? ... எந்த மாத்திரையா! சட்டைப் பையில மடிச்சு வெச்சுக் குடுத்தேனே அண்ணே, மத்தியானம் ஒண்ணு போடணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே...

ஆமா, அதுதான். வெள்ளை. அது ஒண்ணு தவறினா நடுரோட்ல விழுந்துடுவான், அப்புறம் நீதான் தூக்கணும்... தண்ணி இருக்கா அங்க? ... அவங்களே குடுக்கறாங்களா? பரவாயில்லையே, செருப்புக் கடையில தண்ணியெல்லாம் குடுத்து உபசரிக்கறாங்களா? ...

இருங்க டீச்சர், தலையை ஆட்டாதீங்க, முடிச் சாயம் காதுல வழியுது. எங்க அண்ணன்தான். தம்பிக்கு செருப்பு வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போயிருக்கார்... அவன்தான் டீச்சர், தொரை. எங்க வீட்டு வாசல்ல நின்னு போற வர்றவங்களுக்கெல்லாம் கை காட்டுவானே... ஆமா, நாப்பதைத் தாண்டிட்டான். மனசு மட்டும் ஏழு வயசுலயே நின்னுடுச்சு.

ஹலோ, சொல்லு அண்ணே. செருப்பு கிடைச்சுதா? ... அவன் கால் அகலம், வழக்கமான சைஸ் எல்லாம் உள்ளயே போகாது... ம்... ம்... அவனுக்குப் பிடிச்சிருக்கா? என்ன கலரு? ...

கலரு என்னன்னு கேட்டேன்...

ஒரு கலரைச் சொல்லவா இவ்வளவு யோசிக்கறே? ... இரு. இரு, இரு. அது என்ன சத்தம்? ... இல்ல, பின்னாடி ஒரு பொம்பளைக் குரல் ஏதோ நம்பர் கூப்பிட்டுச்சே, டோக்கன் நம்பர்னு... டிவியா? டிவியில டோக்கன் கூப்பிடறாங்களா? ... பாரு, மறுபடியும் கூப்பிடறா. கவுண்டருக்கு வரச் சொல்றா... அண்ணே, செருப்புக் கடையில எதுக்கு டோக்கன்?

அண்ணே.

நீ எங்க இருக்கே?

... பேங்க்லயா? ... பேங்க் இல்லியா. அப்புறம்? ... மென்னு முழுங்காம சொல்லு...

ஐயோ. அந்த பைனான்ஸ்காரன் ஆபீஸா? போன வருஷம் நீ தரை போட்டுக் குடுத்தியே, அதுவா? ... தொரையைக் கூட்டிட்டுப் போய் அங்க எதுக்கு உக்கார வெச்சிருக்கே? ... சும்மாவா? சும்மா போறவன் டோக்கன் வாங்குவானா? யாருக்குக் காது குத்தறே?

சொல்லிடு. அவன் செக் புக் உன்கிட்ட இருக்கா? ... இருக்கா இல்லியா, ஒரே பதில்... எங்க பீரோவுல இருந்ததை நீ எப்ப எடுத்தே? ... காலையிலயா! நான் அவனுக்குத் தலை சீவி விட்டுக்கிட்டு இருக்கேன், நீ உள்ள போய் பீரோவைத் திறந்திருக்கே. அண்ணன் செருப்பு வாங்கித் தரப் போறான்னு அவன் குதிச்ச குதியைப் பார்த்துட்டு எப்படி அண்ணே உனக்கு மனசு வந்துச்சு? ... நான் திருட்டுன்னு சொல்லலை. அந்த வார்த்தையை நீதான் சொன்னே.

கத்தலை. நான் கத்தலை. என் குரலே இப்படித்தான்...

இதோ பாரு. அது தொரையோட பங்கு. அப்பா பட்டறையை வித்ததுல மூணுல ஒண்ணு. உன் பங்குல நீ வீட்டுக் கடனை அடைச்சே, நான் ஒரு வார்த்தை கேட்டேனா? என் பங்குல நான் இந்த பார்லரைப் போட்டேன், நீ ஒரு வார்த்தை கேட்டியா? அது அவங்கவங்க இஷ்டம். நமக்குக் கை கால் நல்லா இருக்கு, போனா சம்பாதிச்சுக்கலாம். அவன் எங்க போய் சம்பாதிப்பான்? நீயும் நானும் கண்ணை மூடினதுக்கு அப்புறம் அவனுக்கு சோறு போடப் போறது அந்தக் காசு ஒண்ணுதான். என் பொண்ணு தலையில கட்டிட முடியுமா? அவளுக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்குல்ல...

தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே அங்க போய் உக்காந்திருக்கே.

சரி, சொல்லு. கேக்கறேன். குறுக்க பேசலை, சொல்லு... ம்... ம்... நூத்துக்கு மூணா? ... மாசத்துக்கா, வருஷத்துக்கா? ... மாசத்துக்கு! அண்ணே, பேங்க்காரன் வருஷம் பூரா வெச்சிருந்து குடுக்கறதை இவன் ரெண்டே மாசத்துல குடுக்கறானா? எங்க இருந்து எடுத்துக் குடுக்கறான்? ... பிசினஸ்ல போடறானா. என்ன பிசினஸ்? ... கேட்டியா? ... கேக்கலை. ஒரு மூட்டை சிமெண்ட் வாங்க மூணு கடை ஏறி இறங்கற ஆளு நீ. இதைக் கேக்கத் தோணலையா?

யாரு? ... எலக்ட்ரீஷியனா? அந்தக் குள்ளமா இருப்பாரே, உன்னோட வேலைக்கு வருவாரே, அவரா? ... அவரும் போட்டிருக்காரா... மாசா மாசம் டாண்ணு வட்டி வருதா. சரி, வரட்டும். அசலைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தாரா? ... இல்ல, கேட்டு வாங்கினவங்க யாராவது இருக்காங்களா? ஒருத்தர்? உனக்குத் தெரிஞ்சு ஒரே ஒருத்தர்? ... பாரு, ஒருத்தர் கூட இல்ல.

ஆமா. ஆமா, பேங்க்ல வட்டி கம்மிதான், நான் இல்லேங்கலை. அந்த வட்டி அவன் மாத்திரைக்கே பத்தலை. மீதிக்கு நான்தான் கைக்காசைப் போடறேன். உன்கிட்ட வந்து கேட்டேனா? ... கேட்டேன். சரி, போன மாசம் கேட்டேன். டாக்டர் மாத்திரையை மாத்தி எழுதிட்டார், விலை எங்கேயோ போயிடுச்சு, என்னால இழுத்துப் பிடிக்க முடியலை, கேட்டேன்... அதுக்காக? அதுக்காக மொத்தத்தையும் தூக்கி இவன் மடியில கொட்டுவியா? என்னை சாக்கு சொல்லாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வேற வழி ஏன் இல்ல? அப்பா போனதுல இருந்து இதைத்தானே பேசிக்கிட்டிருக்கோம். நகையா வாங்கலாம்னே. நகையை யார் வீட்டுல வெச்சுக்கிட்டு யார் தூங்காம காவல் இருக்கறதுன்னு நான்தான் வேண்டாம்னேன். இடம் வாங்கிப் போடலாம்னே. எவனாவது அதுல வந்து கொட்டாய் போட்டு உக்காந்துட்டா, இவன் போய் அவனுக்கும் கை காட்டிட்டு வருவான். ஒரு சின்னக் கடையா வாங்கி வாடகைக்கு விடலாம்னு நான் சொன்னேன், வாடகை வசூல் பண்ண யார் அலையறதுன்னு நீ முகத்தைச் சுளிச்சே. எதை எடுத்தாலும் ஒரு குறை இருக்கத்தான் செய்யுது. அதனாலதானே பேங்க்லயே டெபாசிட்ல பாதி, போஸ்ட் ஆபீஸ்ல பாதின்னு பேசி முடிச்சோம்? முடிச்சோமா இல்லியா? ... உன் வாயாலதானே சரின்னே...

வளராது. சரி, வளர வேண்டாம்! இருந்த இடத்துல இருந்தா போதும். காலையில எழுந்து பார்த்தா இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்.

டீச்சர், எரியுதா? ... எரிஞ்சா சொல்லிடுங்க, உடனே கழுவிடலாம்... இல்ல இல்ல, பெரிய பிரச்சினை ஒண்ணும் இல்ல. குடும்பத்துல... ஆமா, காசுதான். வேற என்ன.

ஹலோ... கஸ்டமர்கிட்ட பேசினேன். தலையில பாதி சாயத்தோட உக்காந்திருக்காங்க, இல்லேன்னா இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன். ஏறினாலும் அங்க வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்... இன்னிக்குத்தான் கடைசி நாளா? அவன் சொன்னானா? நாளையில இருந்து வட்டியைக் குறைக்கறானா? அடப் பாவமே, அவசரமா உன்னைப் பணக்காரனாக்கணும்னு துடிக்கறான் பாரு.

ஒரு கேள்வி கேக்கறேன். உண்மையைச் சொல்லு. தொரை கையெழுத்துப் போட்டுட்டானா?

... போடலியா? ... டோக்கன் இன்னும் வரலை. நெசமா? ... என் மேல சத்தியமா? ... அப்பாடா. சரி. சரி, சரி. மூச்சு விட்டுக்கறேன்.

அப்படின்னா பிரச்சினையே இல்ல. எந்திரிச்சு வந்துடு...

என்ன சொன்னே? ... இல்ல, இன்னொரு தடவை சொல்லு... தொரையோட பேங்க் கணக்குல அப்பா உன் பேரைத்தான் சேர்த்திருக்கார். ஆமா அண்ணே. போட்டிருக்கார். தொரை கையெழுத்தும் உன் கையெழுத்தும் இருந்தா காசு வெளிய வந்துடும், என்னை யாரும் கேக்கவே வேண்டாம். அவனைக் குளிப்பாட்டறது நான். சோறு போடறது நான். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு விடிய விடிய பக்கத்துல உக்காந்திருக்கறது நான். பேங்க்ல பேரு மட்டும் உனக்கு, ஏன்னா நீ ஆம்பிளை. அன்னிக்கே எனக்கு சுருக்குன்னுச்சு. அப்பா முகத்துக்காக வாயை மூடிக்கிட்டேன். இன்னிக்கு அதையே எடுத்து என் மூஞ்சில அடிக்கறே பாரு...

அழலை. சாயம் கண்ணுல பட்டுடுச்சு.

சரி, அதை விடு. என்னத்தைப் பார்த்து அவனை நம்பறே? அதை மட்டும் சொல்லு... ம்... ம்... பில்லுல ஒரு பைசா குறைக்கலியா. வேலை முடிச்ச மறுநாளே கூப்பிட்டுக் குடுத்தானா... அவ்வளவுதானா? ... உன்னை அலைய விடாம பில்லை செட்டில் பண்ணினவன் இந்த ஊர்லயே அவன் ஒருத்தன்தான், அதனால அவன் யோக்கியன்... இரு, கோபப்படாதே. நான் கேலி பண்ணலை. கூலிக்கு வருஷக்கணக்கா ஒவ்வொருத்தன் வாசல்லயும் போய் நின்னவன் நீ. ஒருத்தன் தானா கூப்பிட்டுக் கையில வெச்சா மனசு கரையத்தான் செய்யும், எனக்குப் புரியுது. ஆனா உன் கூலியைத்தானே உனக்குக் குடுத்தான்? அதுக்குக் கைமாறா தம்பியோட ஆயுசுக்கும் வேண்டிய காசைக் குடுப்பியா?

... பளபளன்னு இருக்கு, ஏசி இருக்கு. இருக்கட்டும். நீ போட்ட தரைதானே அது...

இரு. ஒரு நிமிஷம் இரு. அந்த ஆபீஸ்ல நீ டைல்ஸ் ஒட்டலை, இல்ல? ... இல்ல அண்ணே, நீதான் சொன்னே. அந்த வேலை நடந்தப்ப எங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே புலம்பினியே, இதெல்லாம் ஒரு வேலையா, பசை வாளியைத் திறக்கவே விடலைன்னு. மரப் பலகை மாதிரி ஷீட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துட்டுப் போறதுன்னு... ஆமா, அதேதான். ஏன் ஒட்ட வேண்டாம்னான்? ... என்ன காரணம் சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு...

"கழட்டறப்ப சேதம் ஆகக் கூடாது."

இப்ப நீ சொன்னது உன் காதுல விழுந்துச்சா?

... மேஸ்திரியா யோசிச்சுச் சொல்லு. தம்பி, காசு, வட்டி எல்லாத்தையும் மறந்துடு. ஒருத்தன் ஒரு இடத்துல நிலைச்சு உக்காரப் போறான்னா எப்படித் தரை போடச் சொல்லுவான்? ... ம். ஒட்டித்தான் போடச் சொல்லுவான். உடைச்சாத்தான் வரும்ங்கற மாதிரி. இவன் ஆபீஸைத் திறக்கறதுக்கு முன்னாடியே அதைக் கழட்டறதைப் பத்தி உன்கிட்டயே பேசியிருக்கான். ஊர்க்காரங்ககிட்ட அஞ்சு வருஷம், பத்து வருஷம்னு காசை வாங்கிக்கிட்டு, தரையை மட்டும் எப்ப வேணா எடுத்துக்கிட்டுப் போற மாதிரி போட்டு வெச்சிருக்கான். போட்ட கையே உன் கைதான் அண்ணே!

...

ஹலோ? ... என்ன பாக்கறே? ... கவுண்டரா? ... அதுவும் சக்கரத்துல நிக்குதா... கண்ணாடித் தடுப்பு? ... சுவத்துல ஒரு ஓட்டை கூட போடலியா... ம்.

சத்தமா பேசாதே. எந்திரி. தொரை கையைப் பிடிச்சுக்கோ. வா.

... இன்னும் என்ன தயக்கம்? ... அண்ணே, நீ என்னமோ ஒண்ணை மறைக்கறே. உன்னை எனக்குத் தெரியாதா? அவன் உனக்கு என்ன தரேன்னான்? ... கமிஷனா? ... இல்லியா. அப்புறம்? ...

ஓஹோ. புதுசா திறக்கற ஆபீஸுக்கெல்லாம் உன்னையே தரை போடச் சொல்லுவானா. டெபாசிட் கொண்டு வந்தா... அதான் விஷயம். அதான் விஷயமா! தம்பி சோத்தை அடகு வெச்சு உனக்கு வேலை வாங்கிக்கறே. ச்சீ! என்ன மனுஷன் அண்ணே நீ? வெக்கமா இல்ல?

... என்ன? ... எதை வித்தே? ... டைல்ஸ் வெட்டற மெஷினையா? அதை வித்துட்டு நாளைக்கு எதை வெச்சு வேலைக்குப் போவே? ... வேலையே இல்லியா. எப்ப இருந்து? ... ஆளுங்க எல்லாம்? ... எல்லாரும் வேற மேஸ்திரிகிட்ட போயிட்டாங்களா... அப்ப தினம் காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு எங்கதான் போறே? ... பார்க்லயா? ... பார்க்ல உக்காந்து சாப்பிட்டுட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறியா... ஐயோ அண்ணே. அண்ணிக்குத் தெரியுமா?

அழாதே. ஏய், அழாதேன்னு சொல்றேன்ல. தொரை பார்த்தா பயந்துடுவான்... என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன உன்னைத் தெருவுலயா விட்டுடுவேன்? ... மானமாம். கூடப் பொறந்தவகிட்ட என்ன பெரிய மானம்...

சரி, முகத்தைத் துடை. கோபத்துல ச்சீன்னுட்டேன், மனசுல வெச்சுக்காதே. வேலைக்கு வழி பார்ப்போம். இதோ இந்த டீச்சரே வீட்டை இடிச்சுக் கட்டறாங்க... ஆமாதானே டீச்சர்? பாத்ரூம் தரைக்கு நல்ல ஆளு வேணும்னு சொன்னீங்களே... பாரு, தலையை ஆட்டறாங்க. ஐயோ, ஆட்டாதீங்க டீச்சர், சுவரெல்லாம் சாயம்! ... அண்ணே, எது பண்ணினாலும் தொரை காசைத் தொடாம பண்ணுவோம். சரியா? ... கிளம்பறியா? ... நெசமா கிளம்பறியா? ... என் அண்ணன்டா நீ. நல்லா இருப்பே.

போனைத் தொரைகிட்ட குடு... சும்மாதான், ஒரு வார்த்தை பேசிட்டு வெக்கறேன்... வெளிய வந்து எதுக்குப் பேசணும், இப்பவே குடு... ஏன்? ... குடேன் அண்ணே!

தொரை! என்னடா ராஜா பண்றே? ... அக்காதான்... மாத்திரை போட்டியா? ... சமத்து. ஜூஸ் வேற குடுத்தாங்களா? ... ரெண்டு டம்ளரா! பெரிய ஆளுதான் நீ. சரி, அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு பத்திரமா... ம்? என்னடா? ...

எல்லாரும் கை தட்டினாங்களா? எதுக்கு? ...

... உன் பேரை எழுதினியா.

... எதுல எழுதினே? ... பச்சை பேப்பர்ல. அப்புறம்? ... செக்குலயும். அண்ணன் பக்கத்துல நின்னு எங்க போடணும்னு காட்டினானா... ம். ம். கோட்டுக்கு மேலயே நேரா வந்துச்சா? ... ஆமாடா, நல்லாத்தான் போட்டிருப்பே. அப்பா பக்கத்துல உக்கார வெச்சு சொல்லிக் குடுத்த பேராச்சே... இல்லடா, அக்கா அழலை. அக்காவுக்கு ஜலதோஷம்.

டோக்கன் எதுக்குடா வெச்சிருக்கீங்க? ... ரசீது வாங்கவா. சரி. அந்தப் பேப்பரெல்லாம் இப்ப எங்க? ... டை கட்டின மாமா எடுத்துக்கிட்டுப் போனாரா. எந்தப் பக்கம்? ... கண்ணாடி ரூமா. நீ நிக்கற இடத்துல இருந்து தெரியுதா? ... மேஜை மேலதான் இருக்கா? நல்லா பார்த்து சொல்லு... இருக்கு. நல்லது.

அண்ணன் என்ன பண்றான்? ... தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கறான்.

... என் மேல சத்தியம் பண்ணினானே, படுபாவி... உன்னை இல்லடா, உன்னைச் சொல்லலை.

தொரை, அக்கா ஒண்ணு சொல்றேன், கவனமா கேளு. அது உன் காசு. அப்பா உனக்குக் குடுத்தது. அண்ணனோடது இல்ல, அக்காவோடதும் இல்ல. அந்த மாமாகிட்ட போயிடுச்சுன்னா திரும்பி வராது... ஆமா, சிரிச்சுத்தான் பேசுவார், ஜூஸ் குடுப்பார், ஆனா காசைத் தர மாட்டார்... உனக்கு வேணுமா, வேண்டாமா? நீதான் சொல்லணும்... வேணும். சரி.

அப்ப இப்ப நீ சத்தம் போடணும்... ஆமா, கத்தணும். வீட்டுல டிவியை அணைச்சா கத்துவியே, தெரு முனைக்கே கேக்குமே, அப்படி... தெரியும்டா. வெளிய வந்தா சத்தம் போடக் கூடாதுன்னு அக்காதான் சொல்லி வெச்சிருக்கேன். பஸ்ல உன் வாயைப் பொத்தினதும் நான்தான். இன்னிக்கு அக்காவே சொல்றேன், போடு. அந்த ரூம் கதவுகிட்ட போய் நின்னுக்கிட்டு, என் செக்கைக் குடுன்னு கத்து. கையில குடுக்கற வரைக்கும் நிறுத்தாதே... யாரும் அடிக்க மாட்டாங்க... அண்ணனும் திட்ட மாட்டான். திட்டினா நான் இருக்கேன். போனைக் கையிலயே வெச்சுக்கோ. போடா, என் தங்கம்.

...

ஐயோ, என் காது! ... டீச்சர், கேக்குதா? ... ஸ்பீக்கர்ல போடலை டீச்சர், அவன் குரலே அப்படித்தான். எங்க அப்பா குரல்...

விடாதே தொரை! இன்னும்! ... அப்படித்தான்டா!

...

ஹலோ? ... யாரு பேசறது? ... ஆமா சார், அவனோட அக்காதான். நீங்க? ... மேனேஜரா. வணக்கம் சார்... ஆமா, கேக்குது, நல்லாவே கேக்குது... கஸ்டமர்ஸ் எல்லாம் எந்திரிச்சு நிக்கறாங்களா? தப்பா எடுத்துக்காதீங்க சார்... அடக்கறதா? அவனை அடக்க ஒரே வழிதான் இருக்கு. அவன் பேரெழுதின செக்கை அவன் கையில குடுத்துடுங்க, டக்குனு நின்னுடும்... ப்ராசஸுக்குப் போயிடுச்சா? மேஜை மேல கிடக்குன்னானே சார், அவனுக்குக் கண்ணு நல்லா தெரியும்... போலீஸா? கூப்பிடுங்க சார், தாராளமா கூப்பிடுங்க. விவரம் தெரியாத பிள்ளைக்கு ஜூஸ் குடுத்து, கை தட்டி கையெழுத்து வாங்கினதை அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. அங்க நிக்கற கஸ்டமர்ஸும் கேக்கட்டும், அவங்க காசும் உங்ககிட்டதானே இருக்கு...

மிரட்டலை சார். உள்ளதைச் சொல்றேன்... இருங்க, ஒரு நிமிஷம் இருங்க. அது யாரு இன்னொரு குரல்? ... இல்ல, தொரை சத்தத்துக்கு மேல ஒரு சத்தம்... தரையை என்னமோ சொல்றாங்களே... யாரு சார் அது?

அண்ணனா!

அண்ணே! கத்து அண்ணே! காலால ஓரத்தைத் தூக்கிக் காட்டு அவங்களுக்கு! ... ஆமா, நான்தான் போட்டேன்னு சொல்லு! வெக்கப்படாம சொல்லு! ...

ஹலோ... சார்? ... ஹலோ? ... என்னங்க, என்ன உடையற சத்தம்? ... ஹலோ!

... யாரும் பேச மாட்டேங்கறாங்க டீச்சர். லைன் இருக்கு. கூச்சலாத்தான் இருக்கு...

ஹலோ? அண்ணே! என்ன ஆச்சு? இப்படி மூச்சு வாங்குது உனக்கு... எங்க இருக்கீங்க? ... ரோட்லயா? ரெண்டு பேருமா? ... அடி கிடி படலையே? ... உடைஞ்சது ஜூஸ் டம்ளரா, சரி, போகட்டும். செக்கு? ... வந்துடுச்சா! சத்தம் தாங்காம மேனேஜரே குடுத்துட்டாரா! யார் கையில இருக்கு? ... தொரை கையில. பச்சை பேப்பர்? ... அதுவுமா... அப்பாடா. டீச்சர், வந்துடுச்சு டீச்சர்... இருங்க, உக்காந்துக்கறேன்.

... மத்தவங்களும் அவங்கவங்க காசைக் கேக்கறாங்களா? எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டியா? ... போடு, முதல்ல அதைப் பண்ணு. பாவம், பிள்ளைக்குட்டிக்காரர்...

ம். தெரியும். அவன் சொல்லிட்டான். என் மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னே... அழுதா சரியாயிடுமா? அதை நான் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டேன், சொல்லிட்டேன். வீட்டுக்கு வா, பேசிக்கலாம். நாளைக்கு மூணு பேரும் பேங்குக்குப் போறோம். பேசின மாதிரி டெபாசிட்ல பாதி, போஸ்ட் ஆபீஸ்ல பாதி போடறோம். உன் பேரு இருக்கற இடத்துல என் பேரும் சேரணும். மூணு கையெழுத்து இல்லாம ஒரு பைசா நகரக் கூடாது... சரியா? ... தலையாட்டினா எனக்கு எப்படித் தெரியும், வாயைத் திற... ம்.

இப்ப அங்கயே நின்னு அந்த செக்கைக் கிழிச்சுப் போடு... ஏன்? ... யாரு விட மாட்டேங்கறான்? ... தொரையா? ஏனாம்?

... அவன் பேரு அதுல நல்லா வந்திருக்கா.

இல்ல, பிடுங்காதே! பிடுங்காதே அண்ணே. இனிமே அவன் கையில இருந்து எதையும் பிடுங்காதே. அவனையே கேளு. மேல தொகை எழுதினதை மட்டும் கிழிச்சுக்கறோம், கீழ பேரு இருக்கற பக்கத்தை நீயே வெச்சுக்கோன்னு சொல்லு... கேட்டுக்கிட்டானா? ... மெதுவா கிழி. கோணலாப் போயிடப் போகுது... அவசரமே இல்ல, மெதுவா...

ஆச்சா? ... பேரு முழுசா இருக்கா? ... பஸ்ல வராதீங்க, ஒரு வண்டி பிடிச்சு வாங்க, நான் குடுத்துக்கறேன். கூட்டத்துல கசங்கிடும். வெச்சிடறேன்.